கிழிக்க முடியாத மெமோ

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ராணிப்பேட்டையிலேர்ந்து பஸ்ஸிலயா வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி அனுப்பியிருப்பேன்.

எஸ்தரப் பத்தி விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க? தெரியும் சார். அந்தப் பொண்ணு நாலு ஷூ கம்பெனிக்கு மனு போட்டிருக்குன்னு கேள்விப்பட்டேன். மூணு பேரு கம்ப்யூட்டரத் திறந்து பேரப் போட்டுப் பாத்தாங்க, வேணாம்னு மூடிட்டாங்க. என்ன நடந்துச்சு ஏது நடந்துச்சுன்னு நேர்ல வந்து கேட்டுட்டுப் போலாம்னு தோணினது உங்களுக்கு மட்டும்தான். நல்ல மனுஷன் சார் நீங்க. ஆனா நீங்க நேர்ல வந்தது எனக்குப் புடிக்கல, அதையும் சொல்லிடறேன்.

டீ சாப்பிடுங்க. சக்கர கம்மியா இருந்தா சொல்லுங்க.

நான் இந்த ஆம்பூர் ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷமா இருக்கேன். தொண்ணூத்தி மூணுல, அச்சுல தோல இழுத்து மாட்டற லாஸ்டிங் மெஷின்ல நின்னவன். இன்னைக்கு புரொடக்ஷன் மேனேஜர். வேதாச்சலம்னு சொன்னா வாணியம்பாடி வரைக்கும் தெரியும். அறுநூத்திச் சொச்சம் பேரு, அதுல முக்காவாசி பொம்பளைங்க. அத்தன பேரையும் மேய்க்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல சார். அதுக்கு எனக்குன்னு ஒரு வழி வச்சிருந்தேன். அதச் சொன்னாத்தான் உங்களுக்கு மீதி புரியும்.

மெமோ. அதான் என் வழி.

யாராவது தப்புப் பண்ணினா உடனே ஒரு வெள்ளத்தாள எடுத்து நாலு வரி எழுதுவேன். கவனக்குறைவு, கடமை தவறுதல், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆபீஸ் பையன் இல்ல, நானே லைனுக்குப் போயி எல்லாரும் பாக்கக் குடுப்பேன். சாயந்தரம் அஞ்சு மணிக்கு அந்த ஆளு மெமோவோட இங்க வந்து நிக்கணும், இதோ இந்த மேஜைக்கு அந்தாண்ட. நான் டீயக் குடிச்சு முடிக்கிறவரைக்கும் நிமிர்ந்து பாக்க மாட்டேன். அப்புறம், "இனிமே?"ன்னு கேப்பேன். "இனிமே நடக்காது சார்"ம்பாங்க. மெமோவ வாங்கி நாலாக் கிழிச்சுக் கூடையில போட்டுட்டு, "போ, போய்ப் பொழப்பப் பாரு"ன்னு அனுப்பிடுவேன். ஃபைலுக்கு ஒண்ணும் போகாது. முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தன் வேலையில நான் கை வச்சதில்ல சார். அடிக்கிற மாதிரி அடிக்கணும், அணைச்சுக்கணும். அதுதான் நிர்வாகம்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

கட்டிங் செக்ஷன்ல அமீனுல்லா பாய்னு ஒருத்தர் ரிட்டயர் ஆனாரு. மேடையில மைக்கப் புடிச்சு, "வேதாச்சலம் சார் எனக்குப் பதினாலு மெமோ குடுத்தாரு, பதினாலையும் கிழிச்சாரு"ன்னாரு. கைதட்டல் அடங்கவே இல்ல. நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயி என் சம்சாரத்துக்கிட்ட மூணு தடவ சொன்னேன் சார் அந்தக் கதைய.

இப்படிப் போய்க்கிட்டிருந்த இடத்துலதான் இந்த பிளாக்செயின் வந்துச்சு. உங்க கம்பெனியும் அதே ஜெர்மன்காரனுக்குத்தானே ஷூ அனுப்புது, அதனால உங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்ல. ஆனா எனக்கு வெளக்க ஒருத்தர் வரவேண்டியிருந்துச்சு. பெங்களூர்லேர்ந்து பாலமுரளின்னு ஒரு இன்ஜினீயர். தலையில பாதி நரை, பொறுமைசாலி. "இது ஒரு நோட்டு சார், ஆனா பதினெட்டு இடத்துல ஒரே நேரத்துல இருக்கிற நோட்டு. தோல் மண்டியில ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு, மத்த ஃபேக்டரிங்ககிட்ட, கப்பல் கம்பெனியில, ஜெர்மனியில. நீங்க ஒரு வரி எழுதினா பதினெட்டுலயும் ஏறிடும். உங்க நோட்டுல ஒரு பக்கத்தக் கிழிச்சா மீதி பதினேழும் உங்களக் காட்டிக்குடுத்துடும்"னாரு.

"தப்பா எழுதிட்டா?"ன்னு கேட்டேன்.

"கீழ திருத்தம் எழுதலாம் சார். மேல இருக்கிறது அப்படியேதான் இருக்கும்"னாரு.

நான் தலையாட்டினேன். புரிஞ்ச மாதிரிதான் தலையாட்டினேன். ஆயுத பூஜைக்கு டேப்லெட் பதினொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, பூவெல்லாம் போட்டு, "இனிமே நம்ம கம்பெனியில ஒளிவுமறைவே கெடையாது"ன்னு நானே மைக்குல பேசினேன். போட்டோ கூட இருக்கு. காட்ட மாட்டேன் சார், வேணாம்.

அதுல ஒரு விஷயம்தான் எனக்குப் புடிக்கல. ஹோல்டு. லைன்ல இருக்கிற எந்தத் தரச் சோதனை சூப்பர்வைசரும் டேப்லெட்டுல ஹோல்டுன்னு ஒரு பட்டன அழுத்தினா அந்த லாட்டு ஷூ மொத்தமும் அங்கயே நின்னுடும். என்னால எடுக்க முடியாதா? முடியும். ஆனா ஏன் எடுக்கறேன்னு என் பேர்ல காரணம் எழுதணும். ஜெர்மன்காரன் படிப்பான், நீங்க படிப்பீங்க, தோல் மண்டிக்காரன் படிப்பான். யோசிச்சுப் பாருங்க, நேத்து வந்த ஒரு பொண்ணு விரல வச்சா என் லைன் நின்னுடும், நான் ஊருக்கெல்லாம் பதில் எழுதிக்கிட்டிருக்கணும். அப்புறம் நான் எதுக்கு மேனேஜர்னு உக்காந்திருக்கேன்?

அதனால பதினோரு சூப்பர்வைசரையும் கூப்பிட்டு, "ஹோல்டு போடறதுக்கு முன்னாடி என்கிட்ட வாயால சொல்லுங்க. நான் பாத்துக்கறேன். நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கட்டும்"னேன். எல்லாரும் சரின்னாங்க. எஸ்தர் மட்டும் கேட்டா, "அப்ப எழுத்துல ஒண்ணும் இருக்காதே சார்?"ன்னு. நான் சிரிச்சேன். "என் வார்த்தைய விட எழுத்து பெருசாம்மா உனக்கு?"ன்னேன். எல்லாரும் அவளப் பாத்து சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

அஞ்சு மாசம் ஒரு ஹோல்டு கூட விழல. ஜெர்மனியிலேர்ந்து பாராட்டி ஒரு சர்ட்டிபிகேட் வந்துச்சு. முதலாளி ஃபிரேம் போட்டு வாசல்ல மாட்டினாரு.

எஸ்தர் எப்படின்னு கேக்கறீங்க, இல்லையா? பேரணாம்பட்டுப் பக்கம் ஊரு. வீட்டுக்காரருக்கு முதுகுல அடிபட்டு வீட்டோட இருக்காரு. ரெண்டு பொண்ணுங்க. பதிமூணு வருஷம் எங்ககிட்ட இருந்தா, பசை தடவற பேஸ்டிங் டேபிள்ல சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவ. ஷூவோட சோல கையில எடுத்து மூக்குகிட்ட வச்சுப் பாத்தே ஒட்டற சொலூஷன் காஞ்சுதா காயலயான்னு சொல்லிடுவா. மத்தவங்க கடிகாரத்தப் பாப்பாங்க, இவ மோந்து பாப்பா. வாய்த்துடுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. வாய்த்துடுக்குன்னா... சரி, அதுவும் நான் வச்ச பேருதான். தெரிஞ்சதச் சொல்லுவா, அவ்வளவுதான்.

மார்ச் எட்டாம் தேதி கண்டெய்னர் கிளம்பணும். காலையிலேர்ந்து கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, வேல தேங்கிப்போச்சு. சோல்ல சொலூஷன் தடவினா இருபது நிமிஷம் காயணும், அப்புறம்தான் சூடு காட்டி அழுத்தணும், உங்களுக்குத் தெரியாததா? நான் லைனுக்குப் போயி, "பத்து நிமிஷம் போதும், ஏத்துங்க"ன்னேன்.

எஸ்தர் ஒரு ஜோடியக் கையில எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தா. "சார், வாசனை இன்னும் போகல சார். காயலன்னு அர்த்தம். ஹோல்டு போட்டுடறேன்"னா.

"ஹோல்டு போட்டா கண்டெய்னர் போகுமாம்மா?"

"போகாது சார். ஆனா இப்படியே போச்சுன்னா சோல் கழண்டு வந்துடும் சார்."

"நான் சொல்றேன்ல, ஏத்து. ஏதாச்சும்னா நான் பாத்துக்கறேன்"னேன்.

அவ அந்த ஜோடியப் பாத்தா, என்னப் பாத்தா. "சார் பொறுப்பு"ன்னு சொல்லிட்டு டேப்லெட்டுல சரின்னு அழுத்தினா. அந்தச் சரிதான் சார் நோட்டுல இருக்கு. நான் சொன்னது எந்த நோட்டுலயும் இல்ல.

பதினொண்ணாம் தேதி காலையில சென்னையில ஜெர்மன்காரனோட ஆளு ஆறு ஜோடியப் பிரிச்சு இழுத்துப் பாத்தான். நாலு ஜோடியில சோல் வாழப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. ரெண்டு மணி நேரத்துல காரணம் எழுதணும், இல்லேன்னா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவோம்னு கம்ப்யூட்டர்ல வருது. முதலாளி போன் மேல போன். என் தலையில ஒண்ணும் ஓடல. கை மட்டும் ஓடிச்சு. முப்பத்தோரு வருஷமா எழுதிப் பழகின கை இல்லையா? "தரச் சோதனை சூப்பர்வைசர் எஸ்தரின் கவனக்குறைவு. காயும் நேரத்தைச் சரிபார்க்கவில்லை"ன்னு எழுதி என் விரல வச்சு அழுத்திட்டேன். காலையில பதினொண்ணு நாப்பது.

என் மனசுல என்ன இருந்துச்சுன்னா, சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவ வருவா, நிப்பா, நான் கிழிச்சுடுவேன். சத்தியமா அப்படித்தான் சார் நெனச்சேன். அவளுக்குக் கெடுதல் பண்ணணும்னு எனக்கு ஒரு துளி கூட எண்ணமில்ல.

அஞ்சு மணிக்கு வந்தா. கையில தாள் இல்ல. தாளே இல்லையே, எதக் கொண்டு வருவா? மேஜைக்கு அந்தாண்ட நிக்கல, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில உக்காந்தா. பதிமூணு வருஷத்துல அவ என் எதிர்ல உக்காந்தது அன்னைக்குத்தான். "அத எடுங்க சார்"னா.

"இனிமே?"ன்னு கேட்டுட்டேன் சார். பழக்கதோஷம். வாயிலேர்ந்து வந்துடுச்சு.

அவ நாற்காலிய மேஜைகிட்ட இழுத்துப் போட்டா. அப்புறம், "இன்னா சார் இனிமே? நான் இன்னா பண்ணிட்டேன்?"ன்னா. நான் பாலமுரளிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல போட்டேன், அவளும் கேக்கட்டும்னு. "எடுக்க முடியாது சார். திருத்தம் எழுதலாம். நீங்க எழுதணும், அவங்க ஒப்புக்கிட்டு அழுத்தணும், அப்பத்தான் செல்லும். மறுத்தா அதுவும் கீழ பதிவாகும்"னாரு. எஸ்தர், "அப்ப எழுதுங்க சார். நீங்க சொல்லித்தான் ஏத்தினோம்னு எழுதுங்க"ன்னா.

நாளைக்குப் பாக்கலாம்னேன். என்ன சார் பண்றது? எனக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ். மேனேஜரே பத்து நிமிஷத்துல ஏத்தச் சொன்னான்னு ஜெர்மன்காரன் படிச்சா என்ன ஆகும்? ஹோல்டு போட விடலன்னு தெரிஞ்சா வாசல்ல மாட்டியிருக்கிற சர்ட்டிபிகேட் என்ன ஆகும்? இந்த அறுநூறு பேரும் நாளைக்கு என் பேச்சக் கேப்பாங்களா? எல்லாத்தையும் யோசிச்சேன். அவ ரெண்டு பொண்ணுங்கள மட்டும் யோசிக்கல.

மூணு நாள் கழிச்சு, பதினாலாம் தேதி, திருத்தம் எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "மேற்படி ஊழியரின் நீண்ட நாள் சேவையைக் கருதி, தவறு மன்னிக்கப்பட்டது." எழுதிட்டு எனக்கே திருப்தியா இருந்துச்சு. ஜெர்மன்காரன் வரைக்கும் தெரியற மாதிரி மன்னிச்சிருக்கேன், வேற எந்த மேனேஜர் செய்வான்னு நெனச்சேன்.

அஞ்சே நிமிஷத்துல மறுப்புன்னு அழுத்திட்டா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. விறுவிறுன்னு லைனுக்குப் போனேன். "ஏம்மா, மன்னிச்சு விட்டா வேணாம்ங்கற, அவ்வளவு திமிரா?"ன்னு எல்லாரும் கேக்கக் கத்தினேன். அவ கையில இருந்த ஷூவ டேபிள்ல வச்சுட்டு ரொம்ப மெதுவாத்தான் சொன்னா. "தப்புப் பண்ணினவங்களத்தான் சார் மன்னிக்கணும். அமீனுல்லா பாய்க்குப் பதினாலு மெமோ கிழிச்சீங்க. பதினாலுல எது அவரு தப்புன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா சார்? கிழிச்சுக்கினே இருந்தீங்க. எழுதினது தப்புன்னு ஒரு வாட்டி சொன்னீங்களா?"

லைன்ல எல்லாரும் மெஷினப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாங்க சார். நான் திரும்பி வந்துட்டேன்.

அன்னைக்கு வீட்டுல சோறு எறங்கல. அந்தப் பதினாலையும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ரெண்டுதான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணு, பிளேடு மொக்கையா இருக்கு மாத்தணும்னு அவரு மூணு தடவ கேட்டு நான் மாத்திக் குடுக்கல. அதுல தோல் பிசிறடிச்சுது. இன்னொண்ணு, அவரு லீவுல இருந்த அன்னைக்கு நடந்தது. மீதி பன்னெண்டு என்னன்னே தெரியல. தாளத்தான் கிழிச்சாச்சே, எங்க போயி பாக்கறது? அந்த மனுஷன் மேடையில சொன்னது பாராட்டுன்னு நான் எப்படி சார் நெனச்சேன்?

ஏப்ரல்ல எஸ்தர் வேலைய விட்டுட்டா. நான் அனுப்பல, அவளேதான் எழுதிக் குடுத்தா. அவளே எழுதிக் குடுத்தான்னு இத்தன நாளா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். அவ உக்கார்ற இடத்துல பக்கத்துல இருக்கிறவங்க பேச்ச நிறுத்திட்டாங்க சார், என் கோவத்துக்குப் பயந்து. இப்ப ஒரு துணிக்கடையில நிக்கிறாளாம். என் சம்சாரம் தீபாவளிக்கு முன்கூட்டியே ரவிக்கத்துணி எடுக்கப் போயிருக்கா, எஸ்தர்தான் எடுத்துப் போட்டிருக்கா. "சார் நல்லா இருக்காரா?"ன்னு கேட்டாளாம். கேலியாவா கேட்டான்னு கேட்டேன். இல்ல, சாதாரணமாத்தான் கேட்டான்னா. கேலியாக் கேட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

ஆச்சு சார், அவ்வளவுதான். உங்ககிட்ட ஒண்ணையும் மறைக்கல. நல்ல தொழிலாளி, கெட்டிக்காரி, தப்பு அவமேல இல்ல. நீங்க தாராளமா வேலைக்கு எடுத்துக்கலாம்.

என்ன சொல்றீங்க? வாயால சொன்னா போதாதா?

உங்க முதலாளி நோட்டத்தான் பாப்பாருன்னு சொல்றீங்களா? அது சரி. அவரச் சொல்லிக் குத்தமில்ல. நோட்டுல நான் எழுதினது இருக்கு, அதுக்குக் கீழ அவ மறுத்தது இருக்கு. படிக்கிறவன் என்ன நெனப்பான்? மன்னிச்சாலும் வாங்கிக்காத அடங்காப்பிடாரின்னுதான் நெனப்பான். சார், நீங்க ஒண்ணு பண்ணுங்களேன், நான் சொன்னதா உங்க ரிப்போர்ட்ல எழுதிக்கங்க, என் பேரு மட்டும்... ஆமா. ஆமா சார். நீங்க என்னப் பாக்கற பார்வை புரியுது. அவகிட்ட நான் சொன்ன அதே கதைதான் இது. நான் வாயால சொல்லிட்டு அவ விரல வைக்கச் சொன்னேன்.

இருங்க. போன எடுக்கறேன். கண்ணாடி எங்க வச்சேன்?

திறந்துட்டேன். திருத்தம். இதுல எழுதணும். படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க. "காயும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்கச் சொன்னது நான். எஸ்தர் தடுத்தார். ஹோல்டு போட வேண்டாம் என்றதும் நான். அவர் மேல் தவறு இல்லை." நாலு வரி. மெமோ அளவுதான் வருது சார். என் பேருக்கே எழுதறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது பாருங்க.

இது என்ன, கீழ இன்னொரு கட்டம்? "முந்தைய பதிவு தவறு என்று உங்களுக்குத் தெரிய வந்த தேதி." போன தடவ இது கேக்கலயே. ஓ, தவறுன்னு ஒத்துக்கிட்டாத்தான் கேக்கும் போலிருக்கு. இதக் காலியா விட முடியாதா? விட மாட்டேங்குது. சிவப்பாக் காட்டுது.

இன்னைக்குத் தேதி போட்டுடறேன் சார். நீங்க வந்து கேட்டதும் விசாரிச்சேன், தெரிஞ்சுது. அப்படி வச்சுக்கலாம். அவளுக்கு வேண்டியது திருத்தம், அது கெடச்சுடுது. தேதியில என்ன இருக்கு?

ஏன் சார் எழுந்துட்டீங்க? உக்காருங்க. பைய வைங்க. டீ இன்னும் அப்படியே இருக்கு. உக்காருங்க சார், தயவு செஞ்சு.

மார்ச் பதினொண்ணு. நேரமும் கேக்குது. பதினொண்ணு நாப்பது. எழுதும்போதே தெரியும் சார். ஒவ்வொரு எழுத்தும் அழுத்தும்போது தெரியும். போட்டுட்டேன், பாருங்க. மனசுக்குள்ள படிங்க, சத்தமா வேணாம்.

அழுத்திட்டேன்.

இப்ப அவ போனுக்குப் போகும், வேலைய விட்டாலும் நோட்டுல அவ பேரு இருக்கில்ல. கடையில இருப்பா, போன் எடுக்க விடுவாங்களோ என்னவோ. சாயந்தரம்தான் பாப்பா. நீங்க எத்தன மணி பஸ்ஸுக்குப் போகணும்? நான் வண்டியில...

வந்துடுச்சு சார். ஒப்புக்கிட்டா. ஒரு நிமிஷம் கூட ஆகல.

அவ்வளவுதான், ஒப்புதல்னு மட்டும் இருக்கு. அவங்க ஏதாச்சும் சொல்லணும்னா எழுதறதுக்கு ஒரு கட்டம் உண்டு, அது காலியா இருக்கு. கீழ தள்ளித் தள்ளிப் பாக்கறேன், ஒண்ணும் இல்ல. என்ன தேடறேன்னு கேக்கறீங்களா? சொல்லவே கூசுது சார். நன்றி சார்னு எழுதியிருப்பான்னு தேடறேன்.